வீட்டுச் சுவருக்கு பேனல் அடிக்கிறதுக்கு முன்னாடி: வரையிறது, அளக்கிறது, கணக்கு போடுறது

ஹால்ல டிவி சுவருக்கு ஃப்ளூட்டட் பேனல் (நெட்டுக்கு வரி வரியா பள்ளம் விட்ட பேனல், லூவர்னும் சொல்லுவாங்க), பெட்ரூம்ல கட்டிலுக்குப் பின்னாடி பீடிங் ஃப்ரேம் (மெல்லிசான பட்டையால சுவர்ல கட்டுற கட்டம்), இப்ப புதுசா ஃபிளாட் வாங்குறவங்க, வீடு புதுப்பிக்கிறவங்க அதிகமா கேக்குறது இது ரெண்டும்தான். எல்லாரும் முதல்ல கடைக்குத்தான் போறாங்க, டிசைன் பாக்க. கடைக்காரர் "சுவர் எத்தனை சதுரடி?"ன்னு கேப்பாரு, நாம "பதினொன்னுக்கு ஒன்பது இருக்கும்"னு குத்துமதிப்பா சொல்லுவோம், அவரு கால்குலேட்டர்ல ஒரு தட்டு தட்டி இத்தனை பீஸ்னு சொல்லிடுவாரு. வேலை கெடுறது அங்கதான் ஆரம்பிக்குது. சதுரடிங்கிறது காசு கணக்குக்கு மட்டும்தான் உதவும், ஒட்டி முடிச்சப்புறம் சுவர் எப்படி நிக்கும்னு அது சொல்லாது. அந்தச் சுவரை முதல்ல பேப்பர்ல வரைஞ்சு, சுவிட்ச் போர்டு, ஏசி, கதவு நிலை எல்லாத்தையும் அதுல வச்சு, முதல் பேனல் எங்க ஆரம்பிக்குது கடைசி பேனல் எங்க போய் முடியுதுன்னு பாத்துட்டு அப்புறம் கடைக்குப் போங்க. இதை ரொம்ப அழுத்திச் சொல்றேன், ஏன்னா பேனலை ஒட்டினப்புறம் திருத்துறது லேசுப்பட்ட வேலை இல்ல, பிச்சு எடுத்தா பட்டியோட (பெயிண்டுக்கு முன்னாடி பூசுற புட்டி) சேந்து பூச்சும் பேந்துட்டு வரும்.

டேப்பை எடுக்கிறதுக்கு முன்னாடி ஒரு வேலை இருக்கு. அந்தச் சுவர்ல ஓதம் இருக்கான்னு பாக்கணும். பாத்ரூமை ஒட்டின சுவர், மழை நேரா அடிக்கிற வெளிச்சுவர், தரைத்தளத்துல கீழ் ரெண்டு அடி, இந்த மூணு இடத்தையும் சந்தேகத்தோடயே பாருங்க. பெயிண்ட் பொரிஞ்சு பொடி பொடியா உதிருதா, உப்பு பூத்த மாதிரி வெள்ளையா இருக்கா, ஒரு பக்கம் மட்டும் நிறம் மாறியிருக்கான்னு பாருங்க. கண்ணுக்கு ஒண்ணும் தெரியலன்னா ரெண்டடிக்கு ரெண்டடி பிளாஸ்டிக் ஷீட் ஒண்ணை சுவர்ல வச்சு நாலு பக்கமும் காத்து போகாம டேப் ஒட்டி ரெண்டு நாள் விட்டுடுங்க. ஷீட்டோட உள் பக்கம் வேர்த்திருந்தா ஈரம் சுவருக்குள்ள இருந்து வருதுன்னு அர்த்தம், வெளிப் பக்கம் மட்டும் வேர்த்திருந்தா அது ரூம் காத்துல இருக்கிற ஈரம். உள்ள ஈரம் இருந்தா பைப் கசிவோ வெளிப்பூச்சு வெடிப்போ எதுன்னு கண்டுபுடிச்சு சரி பண்ணி, சுவர் நல்லா காஞ்சப்புறம்தான் மத்தது. ஓதத்தை மறைக்கத்தான் பேனலே அடிக்கிறோம்னு சிலர் சொல்றாங்க, தயவு செஞ்சு அதைப் பண்ணாதீங்க. பேனலுக்குப் பின்னாடி காத்து போகாது, பூஞ்சை பிடிச்சு ரூம் முழுக்க வாடை அடிக்க ஆரம்பிச்சுடும், குழந்தைங்க இருக்கிற வீட்டுல அது நல்லதே இல்ல.

மெட்டீரியலையும் இப்பவே ஓரளவு முடிவு பண்ணிடலாம், ஏன்னா அளவு அதைப் பொறுத்துதான் மாறும். எம்டிஎஃப் (மர நாரை அழுத்திச் செய்யுற பலகை) பேனல் பெயிண்ட் அடிக்க வழவழன்னு நல்லா இருக்கும், ஆனா தண்ணி பட்டா உப்பிடும், உப்பினது திரும்ப இறங்காது. தினமும் மாப் போடுற வீட்டுல எம்டிஎஃப் தரையைத் தொடவே கூடாது. பிவிசி, டபிள்யூபிசி (மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்தது), சார்கோல் லூவர் இதெல்லாம் தண்ணிக்குப் பயப்படாது, கரையானும் அரிக்காது. ஆனா சூட்டைத் தாங்காது. பூஜை ஷெல்ஃபுக்குப் பின்னாடி லூவர் ஒட்டி முன்னாடி குத்துவிளக்கு ஏத்துறதை நிறைய ரீல்ஸ்ல பாக்குறேன், பாக்கவே பதறுது. விளக்கு எரியுற இடத்துல டைல்ஸோ கிரானைட்டோ வைங்க, லூவர் வேணும்னா ரெண்டு பக்கமும் நல்லா தள்ளி நிறுத்திக்கலாம்.

சரி, அளவுக்கு வருவோம். கட்டம் போட்ட கணக்கு நோட்டு ஒண்ணு, பென்சில், 5 மீட்டர் ஸ்டீல் டேப், ரசமட்டம், ஒரு தூக்குக்குண்டு. தூக்குக்குண்டு இல்லன்னா கெட்டி நூல்ல ஒரு பூட்டைக் கட்டித் தொங்கவிட்டாலும் அதே வேலையைச் செய்யும். அளவை முழுக்க எம்எம்லயே எழுதுங்க, இதுல பிடிவாதமா இருங்க. ஆசாரி அடி, இன்ச், நூல்னு பேசுவாரு, பேனல் கம்பெனி எம்எம்ல குடுக்கும், நடுவுல மாத்தி மாத்தி கணக்கு போடும்போதுதான் அளவு தவறும். 1 இன்ச் 25.4 எம்எம், 1 அடி 304.8 எம்எம், 1 நூல்னா இன்ச்சுல எட்டுல ஒண்ணு, அதாவது 3 எம்எம்க்கு கொஞ்சம் மேல. ஒரு நூல் என்ன பெருசான்னு தோணும், ஒரு பேனலுக்கு ஒரு நூல் ஏறினா 28 பேனல் தாண்டும்போது 28 நூல், அதாவது மூணரை இன்ச். கடைசி பேனலுக்கு இடமே இருக்காது.

அகலத்தை ஒரே ஒரு இடத்துல அளக்காதீங்க. தரையை ஒட்டி, நாலடி உயரத்துல, சீலிங்கை ஒட்டின்னு மூணு இடத்துல எடுங்க. உயரத்தையும் அதே மாதிரி இடது மூலை, நடு, வலது மூலை. மூணும் ஒண்ணா இருந்தா உங்க கொத்தனாருக்கு ஒரு கும்பிடு போடுங்க, பெரும்பாலும் 5 எம்எம்ல இருந்து 20 எம்எம் வரைக்கும் வித்தியாசம் வரும், அது சகஜம்தான். லேஅவுட் கணக்குக்கு மூணுலயும் சின்ன அளவை எடுத்துக்கோங்க, வெட்டும்போது மட்டும் அந்தந்த இடத்து அளவுக்கு வெட்டணும்.

சுவருக்கு சுவர் அளக்கும்போது டேப்பை மூலையில வளைச்சு ரீடிங் பாக்குறோம்ல, அங்க சுலபமா ஒரு நூல் ரெண்டு நூல் தப்பிடும். அதுக்கு நல்ல வழி என்னன்னா, இடது மூலையில இருந்து சரியா 2000 எம்எம்ல பென்சில் கோடு ஒண்ணு போடுங்க, அப்புறம் வலது மூலையில இருந்து அந்தக் கோடு வரைக்கும் அளந்து ரெண்டையும் கூட்டுங்க. டேப் நுனியில இருக்கிற கொக்கி லேசா ஆடும், அதைப் பாத்துட்டு டேப் கெட்டுப்போச்சுன்னு நினைக்காதீங்க, கொக்கி கனத்துக்கு ஏத்த மாதிரி உள்ள தள்ளி அளக்கவும் வெளிய இழுத்து அளக்கவும் அது அப்படித்தான் ஆடணும். லேசர் மீட்டர் இருந்தா இன்னும் சுகம்.

மூலை நேரா இருக்கான்னு பாக்க தூக்குக்குண்டை சீலிங்ல இருந்து மூலைக்கு ஓரமா ஒரு 2 இன்ச் தள்ளி தொங்கவிட்டு, மேல நடுவுல கீழ நூலுக்கும் மூலைக்கும் எவ்ளோன்னு அளந்து எழுதிக்கோங்க. பக்கத்துச் சுவர் மூலமட்டமா இருக்கான்னு பாக்கணும்னா கொத்தனாருங்க வாணம் பறிக்கும்போது பண்ற அதே 3-4-5 கணக்குதான், ஒரு சுவர்ல 3 அடி, அடுத்த சுவர்ல 4 அடி குறிச்சு குறுக்க அளந்தா 5 அடி வரணும். அப்புறம் சுவரோட மேடு பள்ளம். பூச்சு வேலைக்கு வச்சிருக்கிற ஆறடி அலுமினிய மட்டப் பலகையை வாங்கி சுவர்ல செங்குத்தா, படுக்கையா, குறுக்கா வச்சுப் பாருங்க. அங்கங்க ஒரு நூல் இடைவெளின்னா பட்டியிலயே சரி பண்ணிடலாம். அதுக்கு மேல இருந்தா பேனலை நேரா சுவர்ல ஒட்டாம பின்னாடி பிளைவுட் அடிச்சு அதை மட்டம் பண்ணிட்டு அதுமேல ஒட்டுறதுதான் நல்லது. இதை ஏன் இப்பவே பாக்கணும்னா, பிளை வந்தா சுவர் கனம் கூடும், அது சுவிட்ச் பாக்ஸ்ல இருந்து கதவு நிலை வரைக்கும் எல்லாத்தையும் பாதிக்கும், அதுக்கு கொஞ்சம் கழிச்சு வர்றேன்.

இப்ப நோட்டுல சுவரை வரைங்க, ஒரு கட்டம் 10 சென்டிமீட்டர்னு வச்சுக்கிட்டா போதும். சுவர்ல இருக்கிற ஒவ்வொரு பொருளுக்கும் நாலு நம்பர் வேணும், இடது மூலையில இருந்து எவ்ளோ, தரையில இருந்து எவ்ளோ, அகலம், உயரம். சுவிட்ச் போர்டு, பிளக் பாயிண்ட், டிவி கேபிள் வெளிய வர்ற ஓட்டை, ஏசி, ஸ்கர்டிங் டைல்ஸ் (சுவர் அடியில தரையை ஒட்டி ஓடுற டைல்ஸ் பட்டை) உயரம், ஜன்னல், திரைச்சீலை கம்பியோட பிராக்கெட், எல்லாமே. ஃபால்ஸ் சீலிங் போடப் போறீங்கன்னா அது எவ்ளோ இறங்கும்னு முடிவு பண்ணிட்டு அந்த உயரத்தைத்தான் எழுதணும், இன்னைக்கு இருக்கிற ஸ்லாப் உயரத்தை இல்ல.

லூவர் பேனலுக்கு கணக்கு எப்படின்னு ஒரு சுவரை வச்சே பாப்போம். அகலம் 3390 எம்எம், அதாவது 11 அடி ஒண்ணரை இன்ச். உயரம் 2845 எம்எம், 9 அடி 4 இன்ச். லூவர் வாங்கும்போது லேபிள்ல இருக்கிற அகலம் முழு அகலம், ஆனா ஒரு பேனலோட நாக்கு அடுத்த பேனலுக்குள்ள போயிடும், அதனால சுவர்ல மூடுற அகலம் அதை விடக் கம்மி. இதை கேட்டலாக்ல தேடுறதை விட கடையிலயே 5 பேனலைத் தரையில போட்டு ஒண்ணோட ஒண்ணு மாட்டி, முதல் பேனலோட ஓரத்துல இருந்து அஞ்சாவது பேனல் மூடுற இடம் வரைக்கும் அளந்து அஞ்சால வகுத்துடுங்க. 595 எம்எம் வந்தா ஒரு பேனல் 119 எம்எம் மூடும்.

3390-ஐ 119-ஆல வகுத்தா 28.49. மூலையில இருந்து ஒட்ட ஆரம்பிச்சா 28 முழு பேனல் போய் கடைசியில 58 எம்எம் துண்டு ஒண்ணு நிக்கும். ஹாலுக்குள்ள நுழைஞ்ச உடனே கண்ணு போறது அந்த மூலைக்குத்தான்னா அந்தத் துண்டு காலம் பூரா உறுத்திக்கிட்டே இருக்கும். சரி நடுவுல இருந்து ரெண்டு பக்கமும் சமமா போலாம்னு 28 முழு பேனலை நடுவுல வச்சா ரெண்டு ஓரத்துலயும் 29 எம்எம்ல குச்சி மாதிரி ஒரு துண்டு வரும், அது அதைவிட மோசம், வெட்டும்போதே பிளந்துடும். இங்கதான் ஒரு பேனலைக் குறைக்கணும். 27 முழு பேனல் 3213 எம்எம், மீதி 177, அதை ரெண்டா பிரிச்சா ஓரத்துக்கு 88.5 எம்எம். இப்ப ரெண்டு ஓரமும் ஒரே அளவு, முக்கா பேனல் அகலம், யாரு கண்ணுக்கும் வெட்டின மாதிரியே தெரியாது. வாங்க வேண்டியது எத்தனைன்னு பாருங்க, மூலையில இருந்து போனாலும் 29 பேனல், இப்படி போனாலும் 27 முழுசு ரெண்டு வெட்டுனதுன்னு 29 பேனல். செலவு அதேதான், பாக்குறதுக்கு மட்டும் வானத்துக்கும் பூமிக்கும் வித்தியாசம். ஓரத் துண்டு பாதி பேனலை விடச் சின்னதா வந்தா நடுவுல ஒரு முழு பேனலைக் குறைங்க, இது எந்தச் சுவருக்கும் பொருந்தும்.

அந்த 88.5-ஐ ரெண்டு மூலையிலயும் மேலயும் கீழயும் தனித்தனியா அளந்து வெட்டணும், ஏன்னா மூலை சாஞ்சிருக்கும்னு மேலயே பாத்தோம். முதல் முழு பேனலை தூக்குக்குண்டு வச்சு நேரா நிறுத்திட்டா சுவரோட கோணல் எல்லாம் ஓரத் துண்டுல போய் அடங்கிடும். மூலையைப் பாத்து முதல் பேனலை ஒட்டினா அந்தக் கோணல் 29 பேனலுக்கும் பரவும்.

முழு சுவரும் வேண்டாம், டிவிக்குப் பின்னாடி மட்டும் போதும்னு நினைக்கிறவங்களுக்கு இன்னும் சுலபம், எனக்குப் பிடிச்சதும் இதுதான். அகலம் உங்க கையில இருக்கு, அதனால பேனல் எண்ணிக்கைக்கு ஏத்த மாதிரி அகலத்தை வச்சுக்கோங்க, ஒண்ணைக்கூட நீளவாக்குல பிளக்க வேண்டாம். 55 இன்ச் டிவி சுமார் 1230 எம்எம் அகலம். 15 பேனல் வச்சா 1785 எம்எம், டிவிக்கு ரெண்டு பக்கமும் ஏறக்குறைய 11 இன்ச் பேனல் தெரியும், பாக்க அம்சமா இருக்கும். பேனல் சுவர் நடுவுல முடியுறதால ஓரத்துக்கு எண்ட் பீடிங் வாங்கணும், அதோட கனத்தையும் ரெண்டு பக்கமும் அகலத்துல சேத்துக்கணும். இல்லன்னா வெட்டுன வாய் பக்கவாட்டுல இருந்து அசிங்கமா தெரியும்.

உயரத்துக்கு வருவோம். லூவர் பேனல் பெரும்பாலும் ஒன்பதரை அடி, 2900 எம்எம் நீளத்துல வருது. நம்ம சுவர் 2845, ஒரே பீஸ்ல ஓடிடும். ஆனா உங்க வீடு முழு 10 அடி, 3048 எம்எம்னா 148 எம்எம் குறையும். நடுவுல ஜாயிண்ட் போட்டு ஒட்டு போடாதீங்க, லைட் அடிச்சா அந்தக் கோடு பளிச்சுன்னு தெரியும். கீழ ஸ்கர்டிங் டைல்ஸ் 4 இன்ச் இருந்தா 100 எம்எம் அதுல போயிடும், மீதி 48-ஐ மேல ஒரு சீலிங் பீடிங் மூடிடும். இல்லன்னா கீழ டிவி யூனிட் வருதுன்னா அது சுவரோட ஒட்டி நிக்கிற உயரத்துக்கு பேனலே தேவையில்ல, யூனிட்டுக்கு மேல இருந்து ஆரம்பிக்கலாம். 8 அடி நீள எம்டிஎஃப், பிளைன்னா 2440 எம்எம்தான், அதுக்கு இந்தக் கணக்கு கட்டாயம் போட்டாகணும். ஸ்கர்டிங் டைல்ஸை உடைச்சு எடுத்துட்டு தரை வரைக்கும் பேனல் இறக்கணுமான்னு கேட்டா, வேண்டாம்னுதான் சொல்லுவேன். உடைக்கும்போது பூச்சு பேரும், தரை டைல்ஸ் ஓரம் சிதையும், மாப் தண்ணியும் பேனல் அடியில போய் நிக்கும். ஸ்கர்டிங் மேல உக்கார வைக்கிறதுதான் நம்ம ஊருக்குச் சரி.

அடுத்தது பீடிங் ஃப்ரேம். சுவர்லயே ஃபோட்டோ ஃப்ரேம் மாதிரி கட்டம் கட்டி, சுவர் கலர்லயே பெயிண்ட் அடிக்கிறது. செலவு கம்மி, ரொம்ப நாளைக்கு அலுக்காது, ஆனா அளவுல லூவரை விட கறாரா இருக்கணும், ஏன்னா இடைவெளி எல்லாம் வெறும் சுவரா கண்ணு முன்னாடி நிக்கும். கட்டம் எல்லாம் ஒரே அளவுன்னா கணக்கு சுலபம், மூணு கட்டத்துக்கு நாலு இடைவெளி, நாலு கட்டத்துக்கு அஞ்சு இடைவெளி. சுவர் அகலத்துல இருந்து இடைவெளி மொத்தத்தையும் கழிச்சிட்டு மீதியை கட்டத்தோட எண்ணிக்கையால வகுத்துடுங்க. பீடிங் வேலையில ஆசாரிங்க இன்ச்சுலதான் ஓடுவாங்க, அதனால இந்த ஒரு சுவரை முழுக்க இன்ச்சுலயே போடுவோம், கலக்காம இருந்தா சரிதான்.

பெட்ரூம் சுவர் 12 அடி 3 இன்ச், 147 இன்ச். கட்டில் நடுவுல, அதோட வெளி அகலம் 75 இன்ச். இடைவெளி 4 இன்ச். மூணு கட்டம், நடுக்கட்டம் கட்டில் அகலத்துக்கே 75, நாலு இடைவெளிக்கு 16 போக 131, அதுல 75 போனா 56, ரெண்டு பக்கமும் 28. சைடு டேபிளும் அதுக்கு மேல லைட்டும் அந்த 28 இன்ச் கட்டத்துக்கு நடுவுல அழகா வந்து நிக்கும். கட்டில் சுவர் நடுவுல இல்லன்னா, வார்ட்ரோப் கதவு திறக்கிறதுக்காக ஒரு பக்கம் தள்ளிப் போட்டிருந்தீங்கன்னா, கட்டத்தை கட்டிலை வச்சுத்தான் நடுப்படுத்தணும், ரெண்டு ஓரக் கட்டமும் வேற வேற அகலமா வந்தாலும் பரவாயில்ல. இடைவெளி 2 இன்ச்னு கம்மியா வைக்காதீங்க, மூலை அரை இன்ச் சாஞ்சிருந்தா 2 இன்ச்சுல பட்டவர்த்தனமா தெரியும், 4 இன்ச்சுல தெரியாது.

உயரம் 112 இன்ச், ஸ்கர்டிங் 4 போக 108, கீழ 4 மேல 4 இடைவெளி விட்டா கட்டத்தோட உயரம் 100 இன்ச். இப்ப பீடிங் எவ்ளோ வாங்கணும்? நிக்கிற துண்டு ஆறு, ஒவ்வொண்ணும் 100, மொத்தம் 600. படுக்கிற துண்டு 28-ல நாலு 112, 75-ல ரெண்டு 150. எல்லாம் சேத்து 862 இன்ச், ஏறக்குறைய 72 ரன்னிங் அடி. ஒன்பதரை அடி, அதாவது 114 இன்ச் பீஸ்னா வகுத்துப் பாத்தா ஏழரைக்கு கொஞ்சம் மேல, எட்டு பீஸ் போதும்னு கடையில சொல்லிடுவாங்க. ஆனா வெட்டிப் பாருங்க. 100 இன்ச் துண்டு ஒரு பீஸுக்கு ஒண்ணுதான் வரும், மீதி 14 இன்ச் எதுக்கும் ஆகாது, ஆறு பீஸ் அங்கயே போச்சு. 75-ம் 28-ம் சேந்து 103, அது ஒரு பீஸுல வரும், அப்படி ரெண்டு பீஸ். மிச்சம் 28-ல ரெண்டு, அதுக்கு ஒரு பீஸ். ஆக ஒன்பது. 45 டிகிரி வெட்டுல ஒண்ணு ரெண்டு தப்பும், அதனால பத்தா வாங்குங்க. கடையில 8 அடி பீஸ்தான் இருக்குன்னா அது 96 இன்ச், உங்க 100 இன்ச் துண்டு எட்டாது, ஒவ்வொரு நிக்கிற துண்டுலயும் ஒட்டு விழும். அப்ப கட்டத்தோட உயரத்தையே 94-க்குக் குறைச்சு மேல ஒரு அகலமான சீலிங் பீடிங் குடுத்து இடைவெளியைச் சரி பண்ணிக்கிறதுதான் புத்திசாலித்தனம். ரன்னிங் அடியை மட்டும் நம்பாம துண்டு துண்டா எழுதி எந்த பீஸுல எது வரும்னு பாக்கணும்னு சொல்றது இதுக்குத்தான்.

ஆசாரிகிட்ட அளவு குடுக்கும்போது வெளி அளவா உள் அளவான்னு ஒவ்வொண்ணுலயும் எழுதிக் குடுங்க. பீடிங் 1 இன்ச் அகலம்னா 28 வெளி அளவு உள்ள 26 ஆயிடும், வாய்ல சொன்னா ஆளுக்கு ஒரு மாதிரி புரிஞ்சுக்குவாங்க. சுவர்ல ஒட்டும்போது ஒவ்வொரு கட்டத்துக்கும் குறுக்க ரெண்டு மூலையும் அளந்து ரெண்டும் சமமா இருக்கான்னு பாக்கச் சொல்லுங்க, சமமா இருந்தா கட்டம் கோணலா இல்லன்னு அர்த்தம். கட்டத்தோட மேல் கோட்டுக்கு ரசமட்டம் வைங்க, ஆனா சீலிங் ரொம்ப சாஞ்சிருந்தா அந்த இடத்துல மட்டத்தை விட சீலிங்குக்கு இணையா போறதுதான் கண்ணுக்கு நல்லா இருக்கும். இதுல ஆசாரிங்க ஒத்துக்க மாட்டாங்க, இருந்தாலும் பாக்குறது கண்ணுதானே.

சுவரை ரெண்டா பிரிச்சு கீழ கட்டம், நடுவுல படுக்கையா ஒரு பீடிங், மேல பிளைனா விடுற டிசைனும் இருக்கு. அந்த நடுக்கோடு சுவர்ல மூணுல ஒரு பங்கு உயரத்துல வந்தா நல்லா இருக்கும், நம்ம 112 இன்ச் சுவருக்கு 36, 37 இன்ச். நம்ம ஊர்ல சுவிட்ச் போர்டு பெரும்பாலும் நாலடியிலயும் அதுக்குக் கொஞ்சம் மேலயும் இருக்கும், பிளக் பாயிண்ட் ஒரு அடியில இருக்கும், அதனால 36-ல கோடு போனா ரெண்டுலயும் இடிக்காது. சோஃபா முதுகு உயரத்தையும் பாத்துக்கோங்க, ரெண்டும் ஒரே உயரத்துல வந்தா கோடே தெரியாது.

சுவிட்ச் போர்டு இருக்கே, எந்த டிசைனுக்கும் அதுதான் வில்லன். பீடிங் கோடு போர்டை வெட்டிட்டுப் போகக் கூடாது. போர்டு முழுசா கட்டத்துக்குள்ள இருக்கணும், இல்ல முழுசா இடைவெளியில இருக்கணும். 4 இன்ச் இடைவெளியில பெரிய போர்டு அடங்காது, அப்ப இடைவெளியை மாத்துங்க, இல்ல போர்டை நகத்துங்க. நகத்துறதா இருந்தா பட்டி பாக்குறதுக்கு முன்னாடியே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுடணும். லூவர் சுவர்னா இன்னொரு சிக்கல், கனம். 12 எம்எம் பிளை, அதுமேல 12 எம்எம் லூவர், மொத்தம் 24 எம்எம், கிட்டத்தட்ட ஒரு இன்ச். சுவருக்குள்ள இருக்கிற பாக்ஸ் அந்த ஒரு இன்ச் பின்னாடி போயிடும், ப்ளேட் மாட்ட ஸ்க்ரூ எட்டாது, ஒயரும் இழுபடும். பாக்ஸை முன்னாடி இழுக்கணுமா நீள ஸ்க்ரூ போதுமான்னு எலக்ட்ரீஷியன் பாத்துச் சொல்லட்டும், மெயினை ஆஃப் பண்ணிட்டுத்தான் யாரும் அதுல கை வைக்கணும். அதே ஒரு இன்ச் கதவு நிலையையும் பாதிக்கும், நிலை சுவரை விட எவ்ளோ வெளிய நிக்குதுன்னு அளங்க, பேனல் அதைத் தாண்டி வந்தா ஓரம் நீட்டிக்கிட்டு நிக்கும், அங்க பிளை இல்லாம நேரா ஒட்டுறதைப் பத்தி யோசிக்கணும். பக்கத்துல இருக்கிற அலமாரிக் கதவு முழுசா திறக்குமான்னும் பாத்துடுங்க.

டிவி பிராக்கெட்டை லூவர்ல மாட்டவே கூடாது, அதுக்கு அந்த பலம் இல்ல. பிராக்கெட் வர்ற இடத்துல பிளை இருக்கணும், ஸ்க்ரூ அந்த பிளையையும் தாண்டி சுவர்ல பிளக்கோட இறங்கணும். சோஃபால உக்காந்தா கண்ணு வர்ற உயரத்துக்கு டிவியோட நடு வரணும், தரையில இருந்து 40, 42 இன்ச், நிறைய வீட்டுல போட்டோ மாதிரி ரொம்ப மேல மாட்டி கழுத்து வலியோட படம் பாக்குறாங்க. டிவிக்குப் பின்னாடியில இருந்து கீழ யூனிட் வரைக்கும் 2 இன்ச் பைப் ஒண்ணை சுவருக்குள்ள பதிச்சிடுங்க, எச்டிஎம்ஐ, செட்டாப் பாக்ஸ், ஸ்பீக்கர் ஒயர் எல்லாம் அது வழியா போகும், நாளைக்கு புது ஒயர் வந்தாலும் பேனலைத் தொட வேண்டாம்.

பேப்பர் கணக்கு முடிஞ்சதும் மாஸ்கிங் டேப் ஒரு ரோல் வாங்கி சுவர்லயே அதே அளவுக்கு ஒட்டிப் பாருங்க, பீடிங்னா ஒவ்வொரு கட்டமும், லூவர்னா பேனல் முடியுற ஓரம், டிவி, யூனிட். ரெண்டு மூணு நாள் அப்படியே விட்டுட்டு காலையில ஜன்னல் வெளிச்சத்துல, ராத்திரி லைட்ல, வாசல்ல இருந்து, சோஃபால இருந்து எல்லாம் பாருங்க. வீட்டுல இருக்கிறவங்க ஏதாவது சொல்லுவாங்க, சொல்லட்டும், டேப்பைப் பிச்சு நகத்துறதுக்கு ஒரு செலவும் இல்ல. மேல இருந்து சுவரோட ஓரமா அடிக்கிற எல்இடி ப்ரொஃபைல் லைட் யோசிச்சிருந்தீங்கன்னா ஒரு டார்ச்சை சீலிங் ஓரமா கீழ பாத்துப் பிடிச்சுப் பாருங்க, சுவரோட மேடு பள்ளம் எல்லாம் நிழலா எழுந்து நிக்கும், பட்டி எங்க எங்க வேணும்னு அதுவே காட்டிடும்.

கொட்டேஷன் வாங்கும்போது நம்ம முதல் சுவரை வச்சே பாருங்க, சுவர் 104 சதுரடி, 29 லூவர் ஒன்பதரை அடி நீளத்துல மூடக்கூடியது ஏறக்குறைய 108 சதுரடி. கூலி சுவர் சதுரடிக்கா பேனல் சதுரடிக்கா, கதவு ஜன்னல் ஓட்டையைக் கழிப்பாங்களா, பிளை, பசை, எண்ட் பீடிங், சுவிட்ச் பாக்ஸ் வெட்டுறது எல்லாம் அதுல சேந்ததா தனியான்னு எழுதி வாங்கிடுங்க. பேனல் வாங்கும்போது எல்லாம் ஒரே பேட்ச் நம்பரான்னு டப்பாவைப் பாருங்க, வேற பேட்ச்னா கலர் லேசா மாறும், பக்கத்துல பக்கத்துல ஒட்டினா தெரிஞ்சிடும். கணக்குல வந்ததுக்கு மேல ரெண்டு பேனல் சேத்து வாங்கி பரண்ல படுக்க வச்சுடுங்க, சாய்ச்சு வச்சா வளைஞ்சிடும். நாளைக்கு ஒண்ணு உடைஞ்சா அந்த டிசைன் கடையில இருக்கும்னு சொல்ல முடியாது.

ஆள் வந்து ஒட்ட ஆரம்பிக்கிற அன்னைக்குக் காலையில, பேனல் ஏறுறதுக்கு முன்னாடி, சுவர்ல டேப்பை விரிச்சு வச்சு ஒயர் பைப் போற இடம், தண்ணி பைப் போற இடம், பாக்ஸ் இருக்கிற இடம் எல்லாத்தையும் பென்சில்ல குறிச்சு நம்பர் தெரியுற மாதிரி போட்டோ எடுத்துடுங்க. அந்தப் போட்டோவை வீட்டு வாட்ஸ்அப் குரூப்புலயும் போட்டு வைங்க, பின்னாடி ஒரு ஷெல்ஃப் மாட்டவோ படம் மாட்டவோ டிரில் போட வர்றவர்கிட்ட முதல்ல அதைக் காட்டிட்டு அப்புறம் ஓட்டை போடச் சொல்லுங்க.